மாலைக்கு நிற்காத மெட்டு

இசை நாடகம் எழுதுகிறவர்களுக்குப் பொதுவாக ஒரு குறை உண்டு. பாட்டும் மெட்டும் தலைக்குள் ஓடத் தொடங்கியதும், மேடையில் நிற்கப்போவது மனிதர்கள் என்பதை மறந்துவிடுவார்கள். அந்த மனிதர்களுக்குச் சொந்தக்காரர் இருப்பார்கள் என்பதை அதற்கும் முன்பே மறந்திருப்பார்கள். எனக்கு இந்தக் குறை இப்போது இல்லை. அது எப்படி என்னை விட்டுப் போனது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

நான் பாட்டெழுதி, மெட்டுப் போட்டு, நாடகம் மேடையேற்றுகிறவள். மன்னார்த் தீவிலும் எதிர்க்கரையிலும் கோயில் திருவிழா, பள்ளிக்கூடப் பரிசளிப்பு, அரசாங்கக் கந்தோர்க்காரரின் விழிப்புணர்வு நிகழ்ச்சி என்று எங்கே மேடை கட்டினாலும் அனேகமாக என்னைத்தான் கூப்பிடுவார்கள். (வேறு ஆள் இல்லை என்பதும் ஒரு காரணம்.) டெங்குக் காய்ச்சலைப் பற்றிக்கூட ஒன்று செய்திருக்கிறேன். அதில் நல்ல மெட்டெல்லாம் நுளம்புக்கே அமைந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் நுளம்பின் பக்கம் சேர்ந்துவிட்டார்கள். கடைசியில் புகையடிக்க வந்தவருக்குக் கூக்குரல் போட்டார்கள்.

மேடைகளில் என்னை அறிமுகப்படுத்துகிறவர்கள் இந்த நாடகங்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லி, முதல் நாடகத்தை மட்டும் மரியாதைக்காக விட்டுவிடுவார்கள். எங்கள் ஊரில் அந்த முதல் நாடகத்தை மட்டும்தான் சொல்வார்கள்.

மன்னார் ரவுனிலிருந்து தலைமன்னாருக்குப் போகும் றோட்டில் இறங்கி, மணலுக்குள்ளால் கடலைப் பார்க்க நடந்தால் எங்கள் ஊர் வரும். ஒரு கோயில், ஒரு கடல், இரண்டுக்கும் நடுவே ஒரு மேடை. அந்த மேடையில் எந்தக் கூத்துப் போட்டாலும் ராசா என் அப்பாதான். அவருக்கு முதல் அவருடைய அப்பா. மந்திரி எப்போதும் சந்தியோகு மாமா. (உறவில் மாமா இல்லை, ஊர் முறைக்கு மாமா.) இந்த ஒழுங்கை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் மாற்ற நினைத்தால் அந்த வருடம் திருவிழாவுக்குக் கொடியேறுவது சந்தேகம்.

யாழ்ப்பாணத்தில் இசை படித்து முடித்து, கையில் ஒரு மடிக்கணினியும் தலையில் நிறையக் கனமுமாக நான் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அப்பா மீன்பிடி வள்ளக்காரர். காற்று எந்தப் பக்கம் என்று பார்க்காமல் எதையும் முடிவெடுக்கமாட்டார். என்னையும் சில கிழமைகள் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் கூப்பிட்டார்.

"இஞ்ச பார் பிள்ளை. நீ பாட்டுப் படிச்சது எனக்குச் சந்தோசம். கோயில்ல படி, கலியாண வீட்டில படி. ஆனா அதுதான் தொழில் எண்டு நிண்டால், நாளைக்கு எங்களுக்குப் பிறகு என்ன செய்வாய்? அம்மான்ர அண்ணன், உன்ர மாமான்ர ஐஸ் கம்பனியில ஆள் தேடுகினம்."

"நான் நாடகம் எழுதப்போறன் அப்பா. அதுதான் என்ர தொழில்."

அப்பா கனநேரம் கடலைப் பார்த்தார். காற்று அவருக்குச் சாதகமாக இருக்கவில்லைப் போலும்.

"சரி. திருவிழாவுக்கு ஒண்டு போடு. சரிவந்தால் நான் குறுக்க நிக்கமாட்டன். சரிவராட்டி, திங்கக்கிழமை ஐஸ் கம்பனி."

"சரிவந்ததோ இல்லையோ எண்டு ஆர் சொல்லுறது?"

"நான்தான். வேற ஆர்?"

அந்த நாடகத்திலும் ராசா அவர்தான். நடிக்கிறவரே தீர்ப்பும் சொல்வது முறையா என்று கேட்க எனக்கு வாய் வந்தது. ஆனால் அம்மா பின்னால் நின்று கண்ணைக் காட்டியதால் மூடிக்கொண்டேன். ஆகவே என் வாழ்க்கை முழுவதும் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரத்தில் வந்து நின்றது.

நாடகத்துக்கு நான் வைத்த பெயர் 'கடலுக்குத் தீர்ப்பு'. ஒரு ராசாவின் மகன் கடலில் போய்ப் புயலில் சாகிறான். ராணி அழுகிறாள். ராசா கோபத்தில் கடலையே விசாரணைக்குக் கூப்பிட்டு, குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லி, இரும்புச் சங்கிலியால் கட்டப்போகிறார். அப்போது ஒரு சம்மனசு (தேவதூதர்) தோன்றி, அவருடைய ஆணவத்தை மன்னிக்கிறது. ராசா சங்கிலியைப் போட்டுவிட்டுக் கடலிடம் மன்னிப்புக் கேட்டுப் பாடுகிறார். கதை மோசமில்லை. இன்றைக்கும் அதில் ஒன்றையும் நான் மாற்றமாட்டேன்.

கெடுதி வந்தது இசையால். எங்கள் கூத்துகளில் மத்தளக்காரரும் பின்பாட்டுக்காரரும் மேடை ஓரத்தில் இருந்து நடிகரின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர் நின்றால் நிற்பார்கள். அவர் இருமினால், இருமி முடியும்வரை மத்தளம் அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். படித்துவிட்டு வந்த எனக்கு இது பெரிய பின்தங்கிய நிலையாகப் பட்டது. நான் முழு நாடகத்துக்கும் கணினியில் இசை செய்தேன். வயலின்களே ஒரு படை இருக்கும். இடி, மழை, சங்கு எல்லாம் உண்டு. தொடக்கத்தில் விடியற்காலைப் பறவைகளும் ஒரு சேவலும் வரும், முடிவில் ஆலயமணி. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே வரும் வசனத்துக்குக்கூட அளந்து இடம் விட்டு, எல்லாவற்றையும் ஒரே தொடராக ஒரு பென்ட்றைவில் ஏற்றினேன். நடுவில் நிற்காது. நிற்காமல் ஓடுவதுதான் அதன் சிறப்பு என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.

இப்போது மாலை விசயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் கூத்தில் ஒருவர் முதல்முறை மேடைக்கு வந்ததும், அவருடைய வீட்டார் ஏறி மாலை போடுவார்கள். சால்வை போர்த்துவார்கள். வசதியானவர்கள் மோதிரம் போடுவார்கள். கூத்து அதுவரை காத்திருக்கும். ராசா யுத்தகளத்தில் நின்றாலும் பரவாயில்லை, எதிரிப்படையும் காத்திருக்கும். மாலை போடாமல் விட்டால் அந்த வீட்டில் ஏதோ சண்டை என்று ஊர் முடிவெடுத்துவிடும்.

நான் நடிகர்களையும் அவர்களின் வீட்டாரையும் கோயில் மண்டபத்துக்குக் கூப்பிட்டுத் தெளிவாகச் சொன்னேன். இது கூத்து இல்லை, இசை நாடகம். நடுவில் மேடைக்கு ஒருவரும் ஏறக்கூடாது. மாலைகள் எல்லாம் நாடகம் முடிந்த பிறகு. எல்லோரும் "ஓம் பிள்ளை, ஓம்" என்றார்கள். சந்தியோகு மாமா "அதுதான் நல்லது" என்றும் சொன்னார். பாதரும் பூசையில் அறிவித்தார். ஒத்திகைகளில் ஒருவரும் மாலை கொண்டுவரவில்லை. (ஒத்திகைக்கு யார் மாலை கொண்டுவருவார்கள்?) அதனால் ஒவ்வொரு ஒத்திகையும் இசையோடு மயிரிழை பிசகாமல் பொருந்தியது. நான் இரவில் நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

திருவிழா ஞாயிறு. பின்னேரம் புனிதரின் சுருவம் ஊரைச் சுற்றி வந்து, ஆசீர்வாதமும் முடிந்ததும், வெயில் தணிய நாடகம் தொடங்குவது என்று ஏற்பாடு. சனம் மணலில் பாய் விரித்து இருந்தது. முன்வரிசைக் கதிரைகளில் பாதரும் பெரியவர்களும். நான் புதுச்சீலை கட்டிக்கொண்டு, மேடைக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கிக்கார யூட் அண்ணையின் பெட்டிக்கு அருகே நின்றேன். அந்தப் பெட்டியின் குணம் ஒன்று எனக்குத் தெரியாது. நிறுத்தினால், மறுபடி முதலிலிருந்துதான் பாடும். ஒத்திகைகளில் ஒருநாளும் நிறுத்தவேண்டி வராததால் தெரிந்துகொள்ள வாய்ப்பும் வரவில்லை.

பறவைகள் கத்தின. சேவல் கூவியது. திரை விலகியது. அப்பா முடியும் வாளுமாக நடுமேடைக்கு வந்து, முதல் அடியைப் பாட வாயைத் திறந்தார்.

மாமி மேடையில் ஏறினார். மாமி என்றால் அப்பாவின் தங்கச்சி. கையில் முழங்கால்வரை தொங்கும் ஒரு மாலை.

"மாமி, இறங்குங்கோ," என்றேன், கீழிருந்து, பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஒரு நிமிசம் பிள்ளை. அண்ணனுக்கு ஒண்டு போட்டிட்டு வாறன்."

மாமிக்குப் பின்னால் மாமியின் மகன். அவனுக்குப் பின்னால் சித்தப்பா, சின்னம்மா, அம்மாவின் தமையன்மார், அவர்களின் பிள்ளைகள். எல்லோர் கையிலும் மாலை. மண்டபத்துக் கூட்டத்தில் முன்னால் இருந்து "ஓம் பிள்ளை" சொன்ன முகங்கள்தான் அத்தனையும். மறுநாள் மாமி எனக்கு அமைதியாக விளக்கம் சொன்னார். "நீ சனத்தைத்தானே ஏறவேண்டாம் எண்டனி. நான் சனமோ? நான் அவரோட கூடப்பிறந்தவள்." ஒவ்வொரு வீட்டாரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். சட்டம் நல்ல சட்டம், மற்ற வீட்டாருக்கு மிகவும் தேவையான சட்டம் என்று எல்லோரும் மனதார ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

அப்பாவின் முடி உயரமானது. ஒவ்வொரு மாலைக்கும் அவர் முடியைக் கழற்றி, மாலையை ஏற்று, முடியைத் திரும்ப வைத்தார். பெட்டிக்குள் ராசாவின் வரவுப் பாட்டுக்கான இசை கம்பீரமாகப் போய்க்கொண்டிருந்தது, பாட ஆளில்லாமல்.

நான் ஓடிப்போய் மேடையில் ஏறினேன், எல்லோரையும் இறக்குவதற்காக. யூட் அண்ணை ஒலிவாங்கியை எடுத்தார். "இப்போது, நாடகத்தின் ஆசிரியை தன் அன்புத் தந்தையாருக்கு மாலை அணிவிக்க மேடைக்கு வருகிறார்" என்று அறிவித்தார். ஊர் கைதட்டியது. சின்னம்மா தன் கையிலிருந்த மாலையை என் கையில் திணித்தார். அப்பா முடியைக் கழற்றித் தலையைக் குனிந்தார். நான் என்ன செய்ய? போட்டேன். அவர் என் நெற்றியில் சிலுவை வரைந்தார். மேடைக்கு ஒருவரும் ஏறக்கூடாது என்ற சட்டத்தை எங்கள் குடும்பத்தில் கடைசியாக மீறியவள், அதைப் போட்டவள்தான்.

இறங்கி வந்து, "யூட் அண்ணை, கொஞ்சம் நிப்பாட்டுங்கோ," என்றேன். நிறுத்தினார். "இப்ப விட்ட இடத்தில இருந்து போடுங்கோ," என்றேன்.

"விட்ட இடத்தில இருந்து வராது பிள்ளை. சேவலில இருந்துதான் வரும்."

"அப்ப நிப்பாட்டாதேங்கோ."

"நிப்பாட்டியாச்சே."

அவர் எதையெல்லாமோ அழுத்தினார். இசை வந்தது. சேவலும் இல்லை, வரவுப் பாட்டும் இல்லை, அதற்கும் அப்பால் குதித்து, இளவரசன் கடலுக்குப் போகும் வள்ளப் பாட்டில் வந்து நின்றது. அப்பா அதற்குள் மாலைகளை முடித்திருந்தார். அவர் முப்பது வருடம் ராசா. பாடாமல் போகிற ஆள் இல்லை.

*வாளெடுத்தால் மலை வழிவிடும் – என்
வாய்திறந்தால் கடல் வாய்மூடும்*

என்று, வள்ளத்தில் தண்டுவலிக்கிற மெட்டில், உடம்பை முன்னும் பின்னும் ஆட்டியபடி பாடினார். இவ்வளவு சாந்தமான ஒரு கொடுங்கோலனை நான் எந்த மேடையிலும் கண்டதில்லை.

அடுத்து மந்திரி வரவேண்டும். வரவில்லை. நான் மேடைக்குப் பின்னால் ஓடினேன். சந்தியோகு மாமா முழு உடுப்போடு ஒரு மர வாங்கில் இருந்தார்.

"மாமா, உங்கட முறை."

"தெரியும் பிள்ளை. கொஞ்சம் பொறு. மகனை மாலை வாங்க ரவுனுக்கு அனுப்பியிருக்கிறன்."

"மாலையோ? நீங்கள்தானே நல்லது எண்டு சொன்னீங்கள்?"

"சொன்னனான். ஆனா ராசாவுக்கு இவ்வளவு விழுந்திருக்கு. நான் வெறுங்கழுத்தோட போய் நிண்டால் என்ர வீட்டுச் சனத்தை ஆர் மதிப்பினம்?"

மகன் போன மோட்டார் சைக்கிள், ரவுனில் கழுதைகள் றோட்டை மறித்துக்கொண்டு நின்றதால் சுணங்கியது என்று பிறகு தெரிந்தது. அதுவரைக்கும் மந்திரி அரசாங்கத்தில் சேரவில்லை.

இதற்கிடையில் பெட்டியில் புயல் தொடங்கிவிட்டது. இளவரசனாக நடித்தவன் என் சித்தப்பாவின் மகன் றொசான். அந்த வருடம்தான் உயிலங்குளத்தில் கலியாணம் முடித்திருந்தான். மருமகனை ஒரு மேடையில் காணும் முதல் வாய்ப்பு என்பதால் பெண் வீட்டார் உழவு இயந்திரப் பெட்டியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். இடி இடித்தது. யூட் அண்ணை மின்னலுக்காக ரியூப் லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்தார். அந்த மின்னலுக்குள், றொசான் மூழ்கவேண்டிய இடத்தில், அவனுடைய மாமியார் மோதிரம் போட்டுக்கொண்டிருந்தார். மோதிரம் விரல் மூட்டில் இறுகிவிட்டது. மாமனார் கையைப் பிடித்துக்கொண்டார், மச்சான் வழுக்க வைக்கச் சவர்க்காரம் கேட்டான். இத்தனை பேர் பிடித்துக்கொண்டிருக்கும்போது எந்தக் கடலாலும் ஒருவனை இழுத்துக்கொண்டு போக முடியாது. புயல் ஓய்ந்தது. இளவரசன் உயிரோடு நின்றான்.

புயல் ஓய்ந்தால் ராணி வந்து அழவேண்டும். ராணி, மறைக்கல்வி படிப்பிக்கும் றோசலின் ரீச்சர். நான் சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்த ஒரே ஆள் அவர்தான். 'மேடையில என்ன நடந்தாலும் இசையைப் பின்பற்றுங்கோ' என்று நான் சொல்லியிருந்தேன். ரீச்சர் தலைவிரி கோலமாக வந்து, மாலையும் மோதிரமுமாக நின்ற மகனைக் கண்டும் காணாமல், அவன் காலடியில் விழுந்தார்.

*பாயில் கிடத்திப் பாலூட்டி வளர்த்தேன்
பாசியில் கிடத்தப் பறித்தாயே கடலே*

றொசான் குனிந்து, "ரீச்சர், நான் இன்னும் சாகேல்லை," என்று சொன்னது ஒலிவாங்கியில் விழுந்தது.

"எனக்கு வேற மியூசிக் இல்லைத் தம்பி," என்று ரீச்சர் சொன்னதும் விழுந்தது. அவருடைய கண்ணீர் நிற்கவில்லை. பெண் வீட்டாருக்கு முகம் கறுத்துவிட்டது. புது மருமகனின் காலடியில் ஒப்பாரி வைப்பது அவர்கள் ஊரில் வழக்கமில்லை. (எங்கள் ஊரிலும் வழக்கமில்லை.)

விசாரணை இசை ஓடும்போது மோட்டார் சைக்கிள் வந்தது. சந்தியோகு மாமா நிமிர்ந்து நடந்து மேடைக்கு வந்தார். அவர் வீட்டார் ஏறினார்கள். அவர்கள் எங்கள் வீட்டாரைவிட ஒரு மாலையாவது கூடுதலாகப் போடாமல் இறங்குவதில்லை என்ற உறுதியோடு ஏறியது முகத்திலேயே தெரிந்தது. அப்பா சிங்காசனத்தில் இருந்து, மூக்குவரை மாலையோடு, அந்த எண்ணிக்கையை உன்னிப்பாகக் கவனித்தார். கடலை விசாரிக்க ஒருவருக்கும் நேரமில்லை. தீர்ப்பு இசை போனது. சங்கிலி இசை போனது. சங்கிலி ஒரு மூலையில் அப்படியே கிடந்தது.

பிறகு என் வயலின் படை எழும்பியது. சம்மனசின் இசை.

சம்மனசு பக்கத்து வீட்டு மெடோனா. பத்தாம் வகுப்பு. வெள்ளைச் சட்டை, அட்டையில் வெட்டிய செட்டை. அவளும் இசையைப் பின்பற்றும்படி சொல்லப்பட்டவள். மந்திரி வீட்டுச் சனத்துக்கு நடுவால் வழி எடுத்துக்கொண்டு வந்து, ராசாவுக்கு முன்னால் நின்று, கையை உயர்த்தி, மணிபோன்ற குரலில் பாடினாள்.

*மன்னவா அழாதே, மன்னித்தார் ஆண்டவர்
நீ செய்த கொடுமையைக் கடல்கூட மறந்தது*

அப்பா மாலைகளை நாடிக்குக் கீழே தள்ளிவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். உண்மையிலேயே அவருக்கு விளங்கவில்லை.

"அம்மா சம்மனசு," என்றார். "நான் இன்னும் ஒண்டும் செய்யேல்லையே."

ஊர் சிரித்தது. பாதர் கதிரையில் இருந்து சரிந்தார். பாயில் இருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். சிரிப்பு முடியாமலே என் கடைசிப் பாட்டின் இசை வந்தது, பாட ஆளில்லாமல் போனது, ஆலயமணி அடித்தது, பெட்டி ஓய்ந்தது. நாடகத்தின் இசை முழுவதும் முடிந்துவிட்டது. நாடகம் இன்னும் தொடங்கவில்லை.

நான் பெட்டிக்குப் பின்னால் மணலில் குந்திவிட்டேன். புதுச்சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். ஐஸ் கம்பனி கண்ணுக்கு முன்னால் வந்தது. அதைவிட, அப்பாவை ஊருக்கு முன்னால் நிறுத்தி, சிரிக்கவைத்துவிட்டேனே என்பதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. முப்பது வருடத்தில் அந்த மேடையில் அவரைப் பார்த்து ஒருவரும் சிரித்ததில்லை.

சிரிப்பு மெல்ல அடங்கியது. தலைப்பை விலக்கிப் பார்த்தேன். அப்பா மாலைகளைக் கழற்றி, சிங்காசனத்தில் வைத்துக்கொண்டிருந்தார். முடியையும் கழற்றி மேலே வைத்தார். மூலையில் கிடந்த சங்கிலியை எடுத்துக்கொண்டு மேடையின் விளிம்புக்கு வந்தார். சனத்தைப் பார்க்கவில்லை, சனத்துக்கு மேலால், பின்னால் கிடந்த கடலைப் பார்த்தார். சங்கிலியைக் கீழே விட்டார்.

*கடலே, உன்னைக் கட்டவந்த சங்கிலி
என் காலில் கிடக்குது பார்
கேட்டுத் தந்ததும் நீ, கேளாமல் கொண்டதும் நீ
கேள்வி கேட்க நான் யார்*

இசை இல்லை. மத்தளம்கூட இல்லை. அவர் தன் மூச்சுக்குப் பாடினார். நிற்கவேண்டிய இடத்தில் நின்றார், நீட்டவேண்டிய இடத்தில் நீட்டினார். நான் கணினியில் அடைத்து வைத்திருந்த அந்த மெட்டு இவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. எங்கள் ஊரில் கடலுக்கு ஒருவரைக் கொடுக்காத வீடு குறைவு. மாமி வாயைப் பொத்திக்கொண்டு இருந்தார். சந்தியோகு மாமா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஒரு குழந்தைகூட அழவில்லை. அது நல்ல பாட்டு. அதை எழுதியவள் நான் என்பதை அந்த நேரத்தில்தான் நானும் நம்பினேன்.

பாட்டு முடிந்தது. ஒருவரும் அசையவில்லை. இவ்வளவு அமைதி இருந்தால் எங்கோ வயர் கழன்றுவிட்டது என்றுதான் யூட் அண்ணைக்குத் தோன்றும். அவர் பெட்டியைத் தட்டினார். பறவைகள் கத்தின. சேவல் கூவியது.

"மாலையெல்லாம் முடிஞ்சுது," என்றார் சந்தியோகு மாமா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அப்ப இனி நாடகத்தைத் தொடங்குவம்."

தொடங்கினார்கள். முதலிலிருந்து. ராசா தன் மெட்டில் பாடினார், மந்திரி நேரத்துக்கு வந்தார், இளவரசன் புயலில் ஒழுங்காகச் செத்தான், அவன் செத்த பிறகு ராணி அழுதார். என் நாடகம் நான் எழுதியபடியே, ஒரு மாத்திரைகூடப் பிசகாமல் நடந்து முடிந்தது. பார்க்கத்தான் ஆளில்லை. சனம் எழும்பித் திருவிழாக் கடைகளுக்குப் போய்விட்டது. பெண் வீட்டார் மட்டும், மருமகன் இந்தமுறை என்ன ஆகிறான் என்று பார்க்க இருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை அப்பா சேட்டுப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். "வெளிக்கிடு," என்றார்.

"எங்க?"

"ஐஸ் கம்பனிக்கு."

"பாட்டு நல்லா இருந்தது எண்டு நேற்று அம்மாட்டச் சொன்னீங்களாமே."

"பாட்டு நல்ல பாட்டுத்தான். நான் சொன்னது நாடகத்தை. நாடகம் சரிவரேல்லை. பேச்செண்டால் பேச்சு."

போனேன். மாமா எனக்காக ஒரு சுழல் கதிரை வாங்கி வைத்திருந்தார். அதில் இருந்துகொண்டு, ஐஸ் ஏற்ற வருகிறவர்கள் அந்தக் கடைசிப் பாட்டை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு கட்டிகளை இழுப்பதைப் பார்த்தேன். யாரும் அது என் பாட்டு என்று சொல்லவில்லை. ராசாவின் பாட்டு என்றார்கள். கொஞ்சக் காலத்தில் வேறு ஊர்க் கோயில்காரர் யன்னலுக்கு வந்து, ஐஸ் கேட்காமல் நாடகம் கேட்டார்கள். "அந்த ராசா கடைசியாப் படிச்சது மாதிரி வேணும். பெட்டி வேண்டாம்." பிறகு பாப்பாமோட்டைப் பக்கத்திலிருந்து வந்தார்கள். ஒருநாள் மாமாவே அப்பாவிடம் போய், ஐஸுக்கு வருகிறவர்களைவிடப் பாட்டுக்கு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள், வியாபாரம் நடத்த முடியவில்லை, பிள்ளையைத் திருப்பி எடுங்கோ என்று சொல்லிவிட்டார். அப்பா குறுக்கே நிற்கவில்லை.

அன்றிலிருந்து என் நாடகங்களுக்கு மனிதர்கள்தான் இசைக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் மாலைக்கென்றே ஒரு மெட்டுச் செய்வேன். எத்தனை மாமிமார் ஏறினாலும் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும், இறங்கியதும் விட்ட இடத்தில் கதை தொடரும். என் மெட்டுகளிலேயே மக்கள் அதிகநேரம் கேட்டது அதுதான்.

எங்கள் வீட்டில் ராசாவின் அந்த வசனம் நிலைத்துவிட்டது. அம்மா ஏச வாய் திறந்தாலே அப்பா, "நான் இன்னும் ஒண்டும் செய்யேல்லையே" என்பார். என் மகன் பள்ளிக்கூடத்தில் அதிபருக்கு முன்னாலும் சொல்லியிருக்கிறான். போன வருடம் அப்பாவுக்கு மன்னார் ஆஸ்பத்திரியில் ஒரு ஒப்பரேசன். வயது போனதால் டொக்டர்மார் யோசித்துத்தான் சம்மதித்தார்கள். அன்று விடியற்காலையே அம்மாவும் நானும் அங்கே போய்விட்டோம். ஊருக்குப் புதிதாக வந்த இளம் பாதர் வந்து, அப்பாவின் நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசி, பாவங்கள் மன்னிக்கப்பட வேண்டும் என்று செபித்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். செபம் முடிந்ததும் ஒரு கண்ணைத் திறந்தார்.

"பாதர், நான் இன்னும் ஒண்டும் செய்யேல்லையே."

அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன், அழுகையும் சேர்ந்து வந்தது, தாதி வந்து எங்களை வெளியே நிற்கச் சொன்னார். பாதருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தள்ளுவண்டியில் ஏற்றும்போது அப்பா கையை நீட்டி என்னைக் காட்டினார்.

"இவளின்ர பழக்கம் பாதர். ஆள் போய்ச் சேருறதுக்கு முதல், இவளின்ர மியூசிக் முன்னால ஓடிப்போய் மன்னிப்பு வாங்கி வைச்சிடும்."

கதவு மூடியது. பாதர் என்னைப் பார்த்தார். நான் வாங்கில் இருந்து, அப்பா வெளியே வரும்வரை, அவருக்கு முழுக் கதையையும் சொன்னேன்.